எழுத்தும் விமர்சனச் சிந்தனையும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

6ஆம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை மாணவர்களைக் கட்டுரை எழுதவைக்கும் ஆசிரியர்களுக்கான பக்கம் இது. மொழிப்பாடம் நடத்துபவர்களோடு, வரலாறும் அறிவியலும் நடத்துபவர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். ஆசிரியரின் நேரத்தில் பெரும்பங்கு தாள் திருத்துவதில் போகிறது. மாணவரின் எழுத்து மாறுவதோ, எழுதுவதற்கு முன் தரும் பணியிலும், முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் நடுவே நடக்கும் வேலையிலும்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த நிலைப்பாட்டிலிருந்து வருபவை.

எழுதக் கற்பிப்பதும் சிந்திக்கக் கற்பிப்பதும் வேறு வேறு வேலைகள் இல்லையா?

பிரித்து நடத்தலாம், பலன்தான் குறையும். விமர்சனச் சிந்தனைக்கென்று தனிப் பாடவேளை ஒதுக்கி, பொதுப் புதிர்களை வைத்துப் பயிற்சி கொடுத்தால் அந்தத் திறன் வரலாற்றுத் தாளுக்கோ உயிரியல் தாளுக்கோ தானாக வந்து சேர்வதில்லை. ஒரு கூற்றைச் சந்தேகிக்க வேண்டுமானால் அந்தத் துறையில் எது வழக்கம், எது விந்தை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பொருளறிவு இல்லாமல் சந்தேகத்தை மட்டும் கற்றுக்கொண்டவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சந்தேகிப்பார்.

எழுத்திலும் இதே கதைதான். கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987இல் எழுத்தை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். தெரிந்ததை நினைவுக்கு வந்த வரிசையில் கொட்டிவிடுவது ஒரு வகை. எழுத எழுத, தெரிந்ததையே மாற்றி அமைத்துக்கொள்வது மற்றொரு வகை. ஒரு கட்டுரை எந்த வகை என்று பார்க்க எளிய வழி உண்டு: நடுப் பத்திகளின் வரிசையைக் கலைத்துப் பாருங்கள். எதுவும் குலையவில்லை என்றால் அது முதல் வகை. பத்திக்குப் பத்தி ‘மேலும்’, ‘அதுமட்டுமின்றி’ என்று தொடங்குவதும் அதே நோயின் அறிகுறி.

எந்தக் கற்பித்தல் முறைக்கு ஆய்வு ஆதரவு அதிகம்?

2007இல் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையின் பலனையும் விளைவளவு என்ற எண்ணால் குறித்திருந்தார்கள். பொதுவாக 0.2 என்றால் சிறிய பலன், 0.5 நடுத்தரம், 0.8 பெரியது.

திட்டமிடவும் திருத்தவும் உத்திகளை வெளிப்படையாகக் கற்பித்தால் 0.82. சுருக்கி எழுதக் கற்பித்தாலும் 0.82. மாணவர்கள் சேர்ந்து திட்டமிட்டு, எழுதி, திருத்துவதற்கு 0.75. ‘மூன்று காரணங்களும் ஒரு மறுப்பும் இருக்க வேண்டும்’ என்பது போன்ற திட்டவட்டமான இலக்கு கொடுப்பதற்கு 0.70. சிறு வாக்கியங்களை ஒன்றாகச் சேர்க்கும் வாக்கியம் இணைத்தலுக்கு 0.50. மாதிரிக் கட்டுரைகளைப் படித்து ஆராய்வதற்கு 0.25 மட்டுமே. இலக்கணத்தைத் தனியாக, பயிற்சித்தாள் வழியாக நடத்துவதற்கு −0.32, அதாவது ஒப்பிட்ட மற்ற வகுப்புகளைவிடப் பின்தங்கல்.

கடைசி எண்ணைப் பார்த்து இலக்கணமே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எழுவாய், பயனிலையைக் கோடிட்டுக் காட்டும் பயிற்சியால் கட்டுரை மேம்படவில்லை, அவ்வளவுதான். வாக்கியம் இணைத்தலும் இலக்கணப் பயிற்சிதான், அதற்குப் பலன் இருக்கிறது.

உத்தியை வெளிப்படையாகக் கற்பிப்பது என்றால் வகுப்பில் என்ன செய்வது?

இதில் அதிகம் ஆராயப்பட்ட முறை கேரன் ஹாரிஸ், ஸ்டீவ் கிரஹாம் உருவாக்கியது. ஆறு கட்டங்கள் கொண்டது: தேவையான பின்னணி அறிவைத் தருவது, உத்தியைப் பற்றிப் பேசுவது, ஆசிரியர் செய்து காட்டுவது, படிகளை மனத்தில் பதியவைப்பது, துணையோடு செய்யவைப்பது, தனியாகச் செய்ய விடுவது.

மூன்றாம் கட்டத்தில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. வீட்டில் எழுதிக் கொண்டுவந்த நல்ல பத்தியைப் பலகையில் எழுதிக் காட்டுவது செய்து காட்டுவதாகாது, அது விடையைக் காட்டுவது. மாணவர் பார்க்க வேண்டியது தயங்கும் இடங்களை. 12 முதல் 15 நிமிடம் பலகை முன் நின்று, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்: ‘இந்தக் காரணமும் முந்தையதும் ஒன்றேதானோ? ஆமாம், இதை அடிக்கிறேன். இதற்கு என்ன சான்று வைத்திருக்கிறேன்? பாடத்தில் வந்த அட்டவணை. அதில் கடைசி ஆண்டு மட்டும் எனக்கு எதிராக இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர் பிடித்துவிடுவார்.’ அடித்தல் திருத்தலோடு ஆறேழு வரி வந்தால் போதும்.

அடுத்த சறுக்கல் ஐந்தாம் கட்டத்தைத் தாண்டிவிடுவது. ஆசிரியர் காட்டினார், மறுநாளே தனியாக எழுதச் சொன்னார் என்றால், ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே பிழைப்பார்கள். நடுவே குறைந்தது இரண்டு முறையாவது ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து ஒரு பத்தி எழுத வேண்டும். வாக்கியம் மாணவருடையது, கேள்வி ஆசிரியருடையது.

‘ஏனென்றால்’, ‘எனவே’ எல்லாம் போடுகிறார்கள். ஆனாலும் வாதம் உருவாவதில்லையே, ஏன்?

இணைப்புச் சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அது இணைக்க வேண்டியதைக் கற்றுக்கொடுக்காததால். ஒரு மாதிரிப் பத்தி:

‘வகுப்பறையில் கைபேசியை அனுமதிக்கக் கூடாது. ஏனென்றால் அது மாணவர்களின் கவனத்தைச் சிதறடிக்கிறது. மேலும் மாணவர்கள் அதில் விளையாடுகிறார்கள். எனவே கைபேசி மிகவும் ஆபத்தானது. ஆகவே அனுமதிக்கக் கூடாது.’

ஐந்து வாக்கியம், நான்கு இணைப்புச் சொல். முதலும் கடைசியும் ஒரே வாக்கியம். விளையாடுவது என்பது கவனச் சிதறலுக்கு உதாரணம், இரண்டாவது காரணம் அல்ல. ‘ஆபத்தானது’ எங்கிருந்தோ வந்து குதித்திருக்கிறது. சான்று எங்கும் இல்லை.

வாதத்தின் உறுப்புகளைத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் ஆறாகப் பிரித்தார்: கூற்று, சான்று, சான்றிலிருந்து கூற்றுக்குப் போக அனுமதிக்கும் விதி, அந்த விதிக்கான ஆதரவு, கூற்றின் உறுதியளவு, விலக்கு. பள்ளி வகுப்புக்கு ஆறும் சுமை. நான்கு கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம்: என்ன சொல்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்? அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? எப்போது இது பொருந்தாது?

மேலே உள்ள பத்தியை இந்தக் கேள்விகளோடு திருப்பிக் கொடுத்தால் வரக்கூடிய இரண்டாம் வரைவு இப்படி இருக்கும்:

‘பாடம் நடக்கும்போது கைபேசி மேசைமேல் இருக்கக் கூடாது. ஒரு அறிவிப்பு ஒலித்தால், கைபேசி இல்லாத பக்கத்து மாணவரின் கண்ணும் அங்கே போகிறது. கணக்கின் நடுவே கவனம் போனால் விட்ட வரியைத் தேடிப் பிடிக்கவே நேரமாகிறது. பாதிப்பு வைத்திருப்பவரோடு நிற்காததால், இதை அவரவர் விருப்பத்துக்கு விட முடியாது. ஆசிரியரே எதையாவது தேடச் சொல்லும் வேளைக்கு இந்தத் தடை பொருந்தாது.’

கூற்று சுருங்கியிருப்பதைக் கவனியுங்கள். வகுப்பறை முழுவதும் என்றிருந்தது, பாட நேரத்தில் மேசைமேல் என்றாகிவிட்டது. மாணவர் உண்மையிலேயே யோசித்தார் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது அரிது. ‘பாதிப்பு வைத்திருப்பவரோடு நிற்காததால்’ என்ற வாக்கியம்தான் சான்றையும் கூற்றையும் கட்டுகிறது. பெரும்பாலான மாணவர்கள் எழுதாமல் விடுவதும் இதைத்தான், அவர்களுக்கு அது சொல்லாமலே விளங்குவதால். சான்று இன்னும் வெறும் கவனிப்பு அளவில்தான் நிற்கிறது. மூன்றாம் வரைவில் ஒரு அளவீடோ ஆய்வோ கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் கேட்டால் எதுவும் வராது.

எப்படிப்பட்ட தலைப்பு தர வேண்டும்?

‘இணையத்தின் நன்மை தீமைகள்’ போன்ற தலைப்புகள் கொட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. மாணவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. நல்ல பணியில் மூன்று இருக்கும்: முடிவெடுத்தே ஆக வேண்டிய ஒரு கேள்வி, அந்த முடிவைக் கேட்க ஒரு ஆள், மீற முடியாத ஒரு கட்டுப்பாடு. ‘நூலகத்துக்கு ஒதுக்கிய தொகையில் புத்தகம் அல்லது கணினி, ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம் என்று தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. மற்றதைக் கேட்பவர்களின் வலுவான காரணம் ஒன்றுக்கு அதில் பதில் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள்.

படிக்க இரண்டு மூன்று சிறு பகுதிகளையும் கூடவே கொடுங்கள். ஒவ்வொன்றும் 200 முதல் 300 சொல். குறைந்தது இரண்டு பகுதிகளாவது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் பேசினால் மாணவர் சுருக்கம் எழுதிவிட்டு அதை வாதம் என்று நம்பிவிடுவார்.

ஒரு கட்டுரைக்கு எத்தனை பாடவேளை?

40 நிமிடப் பாடவேளையானால் ஆறு. முதல் இரண்டு படித்து விவாதிக்க, மூன்றாவது செய்து காட்டித் திட்டமிட, நான்காவது முதல் வரைவு, ஐந்தாவது சகபாடி வாசிப்பு, ஆறாவது இரண்டாம் வரைவு. ஒரு பருவத்துக்கு இப்படி மூன்று போதும். வாரம் ஒரு கட்டுரை எழுதவைத்து ஒன்றையும் திருத்தி எழுதவைக்காத ஏற்பாட்டைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து.

வாக்கியம் இணைத்தல் என்றால் என்ன? அதில் சிந்தனை எங்கே வருகிறது?

சிறு வாக்கியங்கள் நான்கைக் கொடுத்து ஒன்றாகச் சேர்க்கச் சொல்வதுதான் பயிற்சி.

மழை மூன்று நாள் பெய்தது. அணை நிரம்பியது. மதகுகள் திறக்கப்படவில்லை. கரை உடைந்தது.

பெரும்பாலானோர் எழுதுவது: ‘மழை மூன்று நாள் பெய்து, அணை நிரம்பி, மதகுகள் திறக்கப்படாமல், கரை உடைந்தது.’ இலக்கணத்தை விடுங்கள், இதில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. ‘பெய்து’, ‘நிரம்பி’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகத் தமிழ் இடம்கொடுக்கிறது. அந்த எச்சம் ‘பிறகு’ என்கிறதா, ‘அதனால்’ என்கிறதா என்று எழுதுபவர் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம்.

‘மூன்று நாள் மழையில் அணை நிரம்பியும் மதகுகள் திறக்கப்படாததால் கரை உடைந்தது.’ இங்கே பொறுப்பு மனிதர்மேல் விழுகிறது.

‘மதகுகள் திறக்கப்படாத நிலையில், மூன்று நாள் பெய்த மழையால் அணை நிரம்பிக் கரை உடைந்தது.’ இங்கே குற்றவாளி மழை.

செய்தி ஒன்றுதான். ‘-ஆல்’ எங்கே ஒட்டுகிறது, ‘-உம்’ எங்கே ஒட்டுகிறது என்பதில் வாதமே மாறிவிடுகிறது. இரண்டையும் பலகையில் எழுதி, எது சரி என்று சொல்ல இன்னும் என்ன தகவல் வேண்டும் என்று கேளுங்கள். மழையளவு, மதகின் கொள்ளளவு, எச்சரிக்கை வந்த நேரம் என்று மாணவர்களே பட்டியலிடத் தொடங்குவார்கள்.

வாரம் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் போதும். வாக்கியங்கள் அந்த வாரம் நடத்திய பாடத்திலிருந்தே வரட்டும். நீளமான வாக்கியத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மூச்சுமுட்டும் வாக்கியங்களே வரும்.

முதல் வரைவில் பேச்சுத் தமிழும் எழுத்துப்பிழையும் வந்தால் திருத்தலாமா?

வேண்டாம். ‘இருக்குறதுனால’ என்று எழுதியவர் காரணத்தைப் பிடித்துவிட்டார். அந்த இடத்தில் நிறுத்தி ‘இருப்பதால்’ என்று மாற்றச் சொன்னால் அடுத்து வரவிருந்த எண்ணம் கைநழுவிப் போகும். வேலைநினைவுக்கு, அதாவது எழுதும் நேரத்தில் எண்ணங்களைப் பிடித்துவைத்திருக்கும் மனத்தின் இடத்துக்கு, கொள்ளளவு குறைவு. ‘ல’வா ‘ள’வா, ஒற்று மிகுமா மிகாதா என்ற கவலை அதில் இடம்பிடித்தால் வாதத்துக்கு இடம் குறையும்.

மொழிச் செப்பத்தைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எல்லாப் பிழையும் வேண்டாம். அந்த மாதம் ர, ற வேறுபாடு என்றால் அது மட்டும். பிழையான வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பிழையை மாணவரே தேடட்டும்.

ஒரு வகுப்பில் 45 பேர். எல்லாத் தாளையும் எப்படித் திருத்துவது?

கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு தாளுக்கு 10 நிமிடம் என்றால் 45 தாளுக்கு ஏழரை மணி நேரம். அதுவும் ஒரு வகுப்புக்கு மட்டும். அத்தனை சிவப்பு மையும் வீணாவதற்கு ஒரு வழி உண்டு: மேலே மதிப்பெண்ணைப் போட்டுவிடுவது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் ஆர்வத்திலும் செயல்திறனிலும் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. அந்த ஆய்வில் கொடுத்தவை கட்டுரைப் பணிகள் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துவைக்கும் பழக்கத்தை எந்த ஆசிரியரும் கண்ணால் பார்த்திருப்பார்.

நடைமுறைக்கு ஏற்ற வழி இது. முதல் வரைவை மதிப்பெண் இல்லாமல், தாளுக்கு மூன்று நிமிடம் என்று வாசியுங்கள். 45 தாளுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். எதையும் திருத்தாமல், மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டே போங்கள்: கூற்றே இல்லாதவை, கூற்று இருந்தும் சான்று இல்லாதவை, சான்று இருந்தும் தொடர்பு விளக்காதவை. மறுநாள் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே ஒரு பணி. முதல் அடுக்கு: ‘உன் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதி முதல் வரியாக வை.’ இரண்டாம் அடுக்கு: ‘இரண்டாம் பத்திக்குப் படித்த பகுதியிலிருந்து ஒரு சான்று கொண்டுவா.’ மூன்றாம் அடுக்கு: ‘ஒவ்வொரு சான்றுக்குப் பிறகும் “அதனால் என்ன?” என்பதற்கு ஒரு வாக்கியம் எழுது.’ மதிப்பெண் இரண்டாம் வரைவுக்கு மட்டும்.

சகபாடிகளைப் படிக்கச் சொன்னால் ‘நன்றாக இருக்கிறது’ என்று முடித்துவிடுகிறார்கள்.

மதிப்பிடச் சொல்வதால் வரும் வினை இது. நண்பரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. படித்ததை அறிவிக்க மட்டும் சொல்லுங்கள். கட்டுரையின் முடிவு என்று நினைக்கும் வாக்கியத்தை அடிக்கோடிடட்டும். சான்றுகளுக்கு 1, 2, 3 என்று எண் போடட்டும். ‘இங்கே நம்ப முடியவில்லை’ அல்லது ‘இங்கே புரியவில்லை’ என்று தோன்றும் ஓரிடத்தில் ஒரு கேள்வி எழுதட்டும். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. வாயால் விளக்கிவிட்டால் எழுத்தில் விளக்க வேண்டிய தேவை போய்விடும்.

வாசகர் அடிக்கோடிட்டது எழுதியவர் நினைத்த வாக்கியமாக இல்லாவிட்டால், ஆசிரியர் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. இருவராக உட்காரவைப்பதைவிட மூவர் குழு நல்லது. இரண்டு வாசகர்கள் வேறு வேறு வாக்கியத்தை அடிக்கோடிட்டால் அந்த வேறுபாடே பாடம். முதல் தடவை, பெயர் நீக்கிய பழைய தாள் ஒன்றை வைத்து வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்து பழக வேண்டும்.

இரண்டாம் வரைவு கேட்டால் முதல் வரைவையே அழகான கையெழுத்தில் எழுதித் தருகிறார்களே?

நான்சி சாமர்ஸ் 1980இல் கல்லூரி மாணவர்களையும் அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்கள் திருத்தம் என்றாலே சொல்லை மாற்றுவது என்று நினைத்தார்கள். அனுபவமுள்ளவர்கள் வாதத்தின் வடிவத்தைத் தேடினார்கள். ‘நன்றாகத் திருத்தி எழுது’ என்ற கட்டளை மாணவரைச் சொல்லை மாற்றுவதிலேயே நிறுத்திவைக்கும்.

ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஆறு சொல்லுக்குள் எழுதவையுங்கள். இரண்டு பத்திக்கு ஒரே குறிப்பு வந்தால் ஒன்றை நீக்க வேண்டும். ஒரு பத்திக்கு இரண்டு குறிப்பு வந்தால் அதைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல்லளவில் கால் பங்கைக் குறைக்கச் சொல்லுங்கள். எது இல்லாமலும் வாதம் நிற்கும் என்று யோசிக்காமல் அதைச் செய்ய முடியாது. கட்டுரை முழுவதையும் திரும்ப எழுதத் தேவையில்லை. ஒரே ஒரு பத்தியை முழுதாக மாற்றி, முந்தைய வடிவத்தோடு ஒட்டித் தந்தால் போதும்.

வகுப்பில் கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் பதில் சொல்கிறார்கள்.

ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டார். மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, காரணத்தோடு வந்தன, ‘தெரியாது’ குறைந்தது. அதைவிட உறுதியான வழி, பேச்சுக்கு முன் மூன்று நிமிடம் எல்லாரையும் எழுதவைப்பது. கையில் இரண்டு வரி இருக்கும் மாணவரை அழைத்தால் படித்தாவது காட்டுவார்.

மாதிரிக் கட்டுரை கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கொடுக்கலாமா?

ஒன்று கொடுத்தால் மனப்பாடம்தான் ஆகும். தரத்தில் வேறுபட்ட இரண்டைக் கொடுத்து, எது மேல், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டிய தலைப்பிலேயே மாதிரி கொடுக்காதீர்கள்.

முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்ற வடிவம் தவறா?

தொடக்கத்தில் உதவும். காரணம் இரண்டே இருக்கும்போது மூன்றாவதை இட்டுக்கட்டத் தொடங்கும் நாளில் அதைக் கைவிடலாம்.

எழுதத் தொடங்கவே முடியாத மாணவருக்கு?

முதலில் பேசவையுங்கள். இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு எழுதினால் முதல் வாக்கியம் ஏற்கெனவே தயாராக இருக்கும். பிறகு வாக்கியத் தொடக்கங்கள்: ‘…… என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அவர்கள் …… என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.’ இதை எடுத்துவிடும் நாளையும் கொடுக்கும்போதே குறித்துவைக்க வேண்டும். மூன்றாவது கட்டுரையிலும் அதே தொடக்கம் இருந்தால் ஊன்றுகோல் காலாகிவிட்டது என்று பொருள். கையெழுத்தே மெதுவாக நகரும் மாணவருக்கு நீளத்தைக் குறையுங்கள், கேள்வியைக் குறைக்காதீர்கள். ஒரே பத்தி, ஆனால் கூற்றும் சான்றும் தொடர்பும் அதில் இருக்கட்டும்.

அறிவியல், வரலாறு, கணிதம் நடத்துபவர்களுக்கு இதற்கு நேரம் எங்கே?

கட்டுரை வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். பாடத்தின் முடிவில் ‘இன்று நடத்தியதை மூன்று வாக்கியத்தில் சுருக்கு. அதில் ஒன்று “ஆனால்” என்று தொடங்கட்டும்’ என்று கேட்கலாம். ஆய்வகக் குறிப்பில் முடிவுக்குக் கீழே ‘இந்த அளவீடு இந்த முடிவை ஏன் ஆதரிக்கிறது?’ என்று ஒரு வரி சேர்க்கலாம். கணக்கில் விடை சரியாக வந்த பிறகு, தவறான ஒரு தீர்வைக் கொடுத்து எந்த வரியில் ஏன் பிசகியது என்று எழுதச் சொல்லலாம். அறிவியல், சமூக அறிவியல், கணிதம் மூன்றிலும் நடந்த 56 சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, எழுதவைத்ததால் பாடம் கற்பதில் 0.30 அளவு பலன் கண்டது. பெரிய எண் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு அது மோசமும் இல்லை.

இணையத்தில் எடுத்த தகவலை அப்படியே நம்பி எழுதுகிறார்களே?

‘தளம் நம்பகமாகத் தெரிகிறதா?’ என்ற சரிபார்ப்புப் பட்டியலை மறந்துவிடலாம். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் இணையத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் போனார்கள், அழகான சின்னத்தையும் முகவரியையும் நம்பினார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் உடனே புதிய சாளரம் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்ததும் அவர்கள்தான்.

கட்டுரையில் இணையச் சான்று வந்தால், கூடவே ஒரு வரி கேளுங்கள்: ‘இந்தத் தளத்தை நடத்துவது யார்? அதைத் தளத்துக்கு வெளியே எங்கே கண்டுபிடித்தாய்?’

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைக் கொண்டுவந்தால்?

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பிக் குற்றம் சாட்டாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் தான் வெளியிட்ட கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதியதையும் இத்தகைய கருவிகள் இயந்திர எழுத்து என்று தவறாகக் குறிப்பதை அதே ஆண்டு வந்த ஒரு ஆய்வு காட்டியது.

பணியை மாற்றுவதே வழி. திட்டமும் முதல் வரைவும் வகுப்பிலேயே கையால் எழுதப்படட்டும். இறுதித் தாளோடு இரண்டு வரைவையும் சேர்த்துத் தரட்டும். சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் பேசுங்கள்: ‘இரண்டாவது சான்றை ஏன் எடுத்தாய், எதை விட்டாய்?’ எழுதியவருக்குப் பதில் இருக்கும்.

மேல்வகுப்புகளில் இயந்திரம் எழுதிய பத்தியையே வகுப்புக்குக் கொண்டுவரலாம். மொழி வழுவழுவென்று இருக்கும், இணைப்புச் சொற்கள் ஒழுங்காக இருக்கும். டூல்மினிடமிருந்து எடுத்த அந்த நான்கு கேள்விகளை அதன்மேல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே தடுக்கும். அதில் வரும் ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் வேறிடத்தில் சரிபார்க்கவும் சொல்லுங்கள்.

மதிப்பீட்டு அளவுகோலில் எத்தனை வரி வைக்கலாம்?

நான்கு. ‘சிறப்பான கருத்து’, ‘ஓரளவு சிறப்பான கருத்து’ போன்ற படிநிலைகள் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. ‘எதிர்வாதத்துக்கு இடமே இல்லை’, ‘எதிர்வாதம் சொல்லப்பட்டது’, ‘எதிர்வாதத்துக்குச் சான்றோடு பதில் தரப்பட்டது’ என்று கண்ணால் பார்க்கக்கூடிய வேறுபாடாக எழுதுங்கள். அளவுகோலை மாணவரிடம் எழுதுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

மதிப்பெண் சராசரியை வைத்து அறிய முடியாது. தலைப்பு எளிதானாலே அது ஏறிவிடும். பருவத்தின் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் ஒரே வகைப் பணியை, ஒரே நேர அளவில், வகுப்பிலேயே எழுதவையுங்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்றை எண்ணுங்கள்: சான்றுள்ள கூற்றுகள், தொடர்பு விளக்கிய சான்றுகள், பதில் பெற்ற எதிர்வாதங்கள். பெயரையும் தேதியையும் மறைத்து, இரண்டு தாள்கட்டுகளையும் கலந்துவைத்து எண்ணினால் நம் விருப்பம் எண்ணிக்கையில் புகாது. இன்னொரு ஆசிரியர் பத்துத் தாளைத் தனியாக எண்ணித் தந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் பருவத்தில் கூற்றும் சான்றும் கூடியிருக்கும், தொடர்பு விளக்கும் வாக்கியம் அவ்வளவாகக் கூடியிருக்காது. அது வழக்கம்தான். அடுத்த பருவத்தின் செய்து காட்டும் வகுப்புகளை அந்த ஒரு வாக்கியத்துக்கே ஒதுக்குங்கள்.